குழந்தைக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்க இடம் தேடுவது எப்படி? கொங்கு வட்டாரப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

குதிரையேற்றப் பயிற்சிக்கு இடம் தேடும்போது பெரும்பாலான பெற்றோர் போனை எடுத்ததும் கேட்பது, "மாசம் எவ்வளவுங்க?" அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது: "பாப்பாவை எந்தக் குதிரைல ஏத்துவீங்க? வந்து பாக்கலாங்களா?"

இதற்குக் கிடைக்கும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு குதிரையின் பெயரையும் வயதையும் சொல்லி, "வெள்ளன வாங்க, லாயத்துலயே காட்டறோம்" என்றால் நம்பிப் போய்ப் பார்க்கலாம். "அன்னைக்கு எது சும்மா நிக்குதோ அதுல ஏத்துவோங்க" என்றால் அடுத்த இடத்தைத் தேடலாம். குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதில் சரிபாதி வேலை குதிரையுடையது. அது சரியில்லையென்றால் எவ்வளவு பெரிய மாஸ்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வயது, எடை, உடல்நிலை

3 முதல் 5 வயதுக் குழந்தையை ஏற்றி, ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகலாம். அது பழக்கம்தான், பயிற்சி ஆகாது. முறையாகக் கற்க 6 அல்லது 7 வயதாவது ஆகவேண்டும். சொன்னதைக் கேட்டு உடனே செய்யவும், அரை மணி நேரம் கவனம் சிதறாமல் இருக்கவும் அந்த வயதில்தான் வரும். கால்களும் சேணத்தின் இருபுறமும் பிடித்து உட்காரும் நீளத்துக்கு வந்திருக்கும். 10 வயதில் தொடங்கினாலும் ஒன்றும் தாமதமில்லை.

எடைக்குப் பரவலாகப் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. ஏறுபவர், சேணம் இரண்டும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 200 கிலோ மட்டக்குதிரை என்றால் மொத்தம் 40 கிலோ. சேணத்துக்கு 7 கிலோ போக, 33 கிலோவுக்குள் இருக்கும் குழந்தையை ஏற்றலாம். கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் 12 வயதுப் பையனுக்கு மட்டக்குதிரை போதாது. அதைச் சொல்லத் தயங்குகிற பள்ளி, குதிரையின் முதுகைப் பற்றிக் கவலைப்படாத பள்ளி.

குதிரைச் சாணியும் லாயத்து மண்ணும் டெட்டனஸ் கிருமி இருக்கும் இடங்கள். 5-6 வயது, 10 வயது, 16 வயது ஊசிகள் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிடுங்கள். இளைப்பு உள்ள குழந்தை என்றால் வைக்கோல் தூசியும் குதிரை முடியும் தொந்தரவு தரலாம். முதல் நாள் லாயத்தில் கால் மணி நேரம் நிற்கவைத்துப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்க வாய்ப்புண்டு. டாக்டரிடம் காட்டாமல் ஏற்ற வேண்டாம்.

எங்கே தேடுவது

நம் பக்கத்தில் தனியார் ரைடிங் பள்ளிகளை முதலில் கோயம்புத்தூர் புறநகரில்தான் தேட வேண்டும். ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர்க்காரர்கள் மேப்பில் தேடும்போது பள்ளி தானே போட்ட படங்களை விட்டுவிட்டு, வந்துபோனவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். குதிரைமேல் இருக்கும் குழந்தைகள் எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறதா, தாடைவார் மாட்டியிருக்கிறதா, காலில் செருப்பா ஷூவா என்று பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி இடங்கள் கழிந்துவிடும்.

இரண்டாவது வழி, குதிரை வைத்திருக்கும் விடுதிப் பள்ளிகள். சில இடங்களில் வெளிப் பிள்ளைகளையும் வார இறுதியில் சேர்த்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் கேட்டால் "தெரியலைங்க" என்பார்கள். குதிரையேற்ற மாஸ்டரையே நேரில் பார்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, தோட்டத்தில் ஆசைக்குக் குதிரை வளர்ப்பவர்கள். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தைக்குக் குதிரை கொண்டுவருபவர்கள், வாங்குபவர்கள் என்று ஒரு பெரிய வட்டமே இங்கே இருக்கிறது. அவர்களுக்கு நல்ல குதிரை எது என்று தெரியும். ஆனால் குதிரை வளர்ப்பது வேறு, குழந்தைக்கு ஏறக் கற்றுக்கொடுப்பது வேறு. "நாங்க சின்ன வயசுல சேணமே இல்லாம ஓட்டினோம்" என்கிற பேச்சு வந்தால் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் நோம்பிக்கும் விடும் நாட்டியக் குதிரைகளில் கற்க வேண்டாம். மேளச் சத்தம் கேட்டால் காலைத் தூக்கவும் இரண்டு காலில் எழும்பவும் பழக்கிய குதிரை அது. பக்கத்துத் தோட்டத்தில் பம்பை அடித்தால் குழந்தை கீழே கிடக்கும். ஊட்டியில் ஏரிக்கரையைச் சுற்றிக் கூட்டிப்போவதும் சவாரிதான், பயிற்சியில்லை. அந்தக் குதிரை முன்னால் போகும் ஆளைப் பார்த்து நடக்கிறது, மேலே இருப்பவர் சொல்வதைக் கேட்டு நடப்பதில்லை.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். வாரம் இரண்டு வகுப்பு இல்லாவிட்டால் உடம்பு பழகாது. மாதம் இரண்டு முறை, போக இரண்டு மணி நேரப் பயணம் என்றால் ஒவ்வொரு முறையும் முதல் வகுப்பு மாதிரியே இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வருடம் முழுவதும் இழுப்பதைவிட, கோடை விடுமுறையில் தொடர்ந்து மூன்று வாரம் காலை நேர வகுப்பாகப் போட்டுக்கொள்வது நல்லது.

நேரில் போய்ப் பார்ப்பது

குழந்தையைக் கூட்டிப்போகாமல், வகுப்பு நடக்கும் நேரத்தில் நீங்கள் மட்டும் போங்கள். குழந்தை குதிரையைப் பார்த்துவிட்டால் அப்புறம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.

வகுப்பு தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். குழந்தை ஏறுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் நடப்பதுதான் அந்தப் பள்ளியின் லட்சணம். நல்ல இடத்தில் பிள்ளைகளே குதிரைக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருப்பார்கள், இல்லை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சியாளர் சேணத்தின் வயிற்று வாரை இழுத்துப் பார்ப்பார். ஏறிய பிறகு இன்னொரு முறை இழுப்பார். வார் கட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும். நாலடி நடந்ததும் மூச்சை விட, வார் தளர்ந்துவிடும். இரண்டாம் முறை இழுக்காத இடத்தில் சேணம் பக்கவாட்டில் சரிந்து குழந்தை விழுவது வெறும் நேரப் பிரச்சினைதான்.

அடுத்தது அங்கவடி, அதாவது கால் வைக்கும் இரும்பு வளையம். குழந்தையின் ஷூவின் அகலமான இடத்தைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் அதிக அகலம் இருக்கவேண்டும். அதைவிடப் பெரிதானால் கால் முழுதாக உள்ளே போய்விடும், சிறிதானால் மாட்டிக்கொள்ளும். பெரியவர்களின் சேணத்தில் அங்கவடி குழந்தைக்கு எட்டாமல் போனால், சில இடங்களில் வளையத்துக்கு மேலே இருக்கும் தோல்வாருக்குள் காலை நுழைக்கச் சொல்வார்கள். அதைப் பார்த்தால் அந்த இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. விழும்போது கால் வாரில் சிக்கிக்கொண்டால் குதிரை குழந்தையை இழுத்துக்கொண்டே ஓடும். குழந்தைகளுக்கென்று சிறிய சேணமும், ஒரு பக்கம் ரப்பர் வளையம் போட்ட பாதுகாப்பு அங்கவடியும் வைத்திருக்கும் பள்ளி கவனமுள்ள பள்ளி. காலில் இழுவை வந்தால் அந்த ரப்பர் கழன்றுவிடும்.

மைதானத்துக்கு வேலி இருக்கிறதா, வகுப்பின்போது கதவு சாத்தியிருக்கிறதா பாருங்கள். அளவு 20 மீட்டருக்கு 40 மீட்டர் இருந்தால் தாராளம். தரை உழுதுவிட்ட மணலாக இருக்கவேண்டும். நம் ஊர்க் கரிசல் மண் மழையில் வழுக்கும், சித்திரையில் பாறையாகிவிடும். செம்மண் என்றால் தண்ணீர் தெளிக்காவிட்டால் குதிரைக்கும் குழந்தைக்கும் தூசிதான். இன்னொன்றைப் பலரும் பார்ப்பதில்லை: மைதானத்தின் ஓரத்தில் தென்னை இருக்கிறதா? ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மட்டை விழும் சத்தத்துக்கே குதிரை மிரண்டு பக்கவாட்டில் தாவும். பறக்கும் பிளாஸ்டிக் பையும் அப்படித்தான். காற்று பலமாக இருக்கும் நாளில் வகுப்பைத் தள்ளிவைப்பீர்களா என்று கேட்டுவையுங்கள்.

வெயிலில் வகுப்பு நேரம் முக்கியம். கரூர், ஈரோடு பக்கம் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும். காலை எட்டரைக்குள் முடிந்துவிட வேண்டும், இல்லை மாலை ஐந்துக்கு மேல் தொடங்கவேண்டும். பதினொரு மணி வகுப்புக்கு ஆள் சேர்க்கும் இடம் குதிரையையும் வருத்துகிறது, பிள்ளையையும் வருத்துகிறது.

குதிரையைப் படிப்பது

புதிதாகக் கற்பவருக்கு 10 வயதுக்கு மேற்பட்ட, சலித்துப்போன, "இதுக்கு என்ன இப்போ?" என்று நிற்கிற குதிரைதான் வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. பளபளவென்று கழுத்தை வளைத்து நிற்கும் நாலு வயதுக் குதிரை படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

காயடித்த ஆண், இல்லையென்றால் சாதுவான பெட்டை. காயடிக்காத ஆண் குதிரையைக் குழந்தைக்குத் தரக் கூடாது. அது இருக்கும் மைதானத்தில் ஒரு பெட்டை உள்ளே வந்தால் மேலே யார் இருக்கிறார்கள் என்பதே அதற்கு மறந்துவிடும். நம் பக்கம் வளர்க்கும் மார்வாரி, கத்தியவாரி ஆண்களைப் பலர் காயடிப்பதில்லை, ஆகவே வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். காது நுனிகள் உள்பக்கமாக வளைந்து நிற்பதை வைத்து இந்த இனங்களை அடையாளம் காணலாம். ரேஸ் ஓடி ஓய்வுபெற்ற தாரோபிரெட் குதிரைகளும் ரைடிங் பள்ளிகளுக்கு வரும். மறுபடி பழக்கியிருந்தால் பரவாயில்லை. பந்தயத்தை விட்டு வந்து எத்தனை மாதம் ஆயிற்று, யார் பழக்கினார்கள் என்று கேளுங்கள்.

உடம்பைப் பார்க்கும் வரிசை இப்படி: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடித் திட்டு இருந்தால் முன்பு புண்ணாகி ஆறியது என்று பொருள். ஒன்றிரண்டு பழைய தழும்பு இருக்கலாம், புதுப் புண் இருக்கவே கூடாது. கடிவாய் ஓரம் வெடிப்பு, ரத்தம் இருக்கிறதா பாருங்கள். கடிவாளத்தை வாங்கிக் கையில் தடவிப் பாருங்கள். முள் வைத்த கடிவாளம் சட்டப்படியே தடை, 1965-இன் இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகளிலேயே இருக்கிறது. முள் இல்லாமல் நிற்காத குதிரை குழந்தைக்கு ஆகாது.

குளம்பு நான்கையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சண்டை போடாமல் தூக்கித் தந்தால் பழகிய குதிரை. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவவேண்டும். "லாடக்காரர் கடைசியா எப்பங்க வந்தார்?" என்ற கேள்விக்குத் தேதி வராவிட்டால் கவனிப்பு குறைவு. பிறகு டிராட்டில், அதாவது துள்ளு நடையில், நேராக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் தலையை ஏற்றி இறக்கினால் நொண்டுகிறது. முன்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். வலியுள்ள குதிரை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் ஒரு நாள் உதறும்.

கூடவே எந்த டாக்டர் பார்க்கிறார் என்றும் விசாரியுங்கள். மாட்டு டாக்டர் எல்லோரும் குதிரை பார்த்துப் பழகியிருக்க மாட்டார்கள். பெரிய சிக்கல் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குக் கிட்டம்.

சோதனை வகுப்பு

ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பாருங்கள். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் வேண்டாம். அன்றைக்கு மூன்றை மட்டும் கவனித்தால் போதும். குழந்தையோடு ஒருவர், குதிரையோடு ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கிறார்களா? பயிற்சியாளர் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, போனைப் பார்க்கிறாரா? பயந்து அழும் குழந்தையை என்ன செய்கிறார்? "ஒண்ணுமில்ல கண்ணு, இறங்கிக்கலாம், அதோட கழுத்தத் தடவிக் குடு" என்பவர் தெரிந்தவர். "பையனா இருந்துட்டு அழுவறியா?" என்று குதிரையைத் தட்டி விடுபவரிடம் ஒரு நாளும் விடாதீர்கள்.

குதிரை மேல் எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 45 நிமிட வகுப்பில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு குதிரை என்றால், ஏறி இறங்கும் நேரம் போக ஆளுக்கு எட்டு நிமிடம்கூட வராது. கட்டணத்தை வகுப்பால் வகுக்காமல் அந்த நிமிடத்தால் வகுத்தால் எந்தப் பள்ளி உண்மையில் மலிவு என்று தெரியும்.

கையெழுத்துக் கேட்கும் தாளில் "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று இருக்கும், எல்லா இடத்திலும் இருப்பதுதான். உங்கள் விபத்துக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று காப்பீட்டு நிறுவனத்தை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

உடுப்பு

முதல் மாதத்தில் ஹெல்மெட் தவிர எதையும் வாங்க வேண்டாம். அதை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பள்ளிப் பொது ஹெல்மெட் எத்தனை முறை கீழே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கிரிக்கெட், பைக் ஹெல்மெட் கூடாது. பைக் ஹெல்மெட்டின் எடையே குழந்தையின் கழுத்தை இழுக்கும். உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1163, பிஏஎஸ் 015, விஜி1 என்று ஏதாவதொரு குதிரையேற்றத் தரக்குறி இருக்கவேண்டும். டெகாத்லானின் ஃபூகன்சா வரிசையில் பாருங்கள். தாடைவார் போடாமல் மாட்டி, குனிந்து தலையை ஆட்டினால் கழன்று விழக் கூடாது. முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்கவேண்டும். "வளர்ற புள்ள" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். ஒரு முறை தலை அடிபட விழுந்தால், வெளியே கீறலே இல்லாவிட்டாலும் புதிது வாங்கவேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் நுரை ஒரு அடியைத்தான் தாங்கும்.

காலுக்கு, கணுக்கால் மூடிய, ஏறக்குறைய ஒரு அங்குலக் குதிகால் உள்ள, அடிப்பக்கம் வழவழப்பான ஷூ. குதிகால்தான் கால் அங்கவடிக்குள் வழுக்கிப் போகாமல் தடுக்கிறது. தட்டையான ஸ்போர்ட்ஸ் ஷூவில் அந்தத் தடுப்பு இல்லை. பேண்டு, உள்தொடையில் தடித்த தையல் இல்லாத, இழுபடும் துணியில் இருந்தால் போதும். திருப்பூரில் அதற்கா பஞ்சம்! ஜீன்ஸ் போட்டால் முதல் டிராட் வகுப்பிலேயே தொடை உரிந்துவிடும். துப்பட்டா, கழுத்துச் செயின், தொங்கட்டான் எதுவும் வேண்டாம்.

முதல் ஆறு மாதம் எப்படிப் போகவேண்டும்

முதல் இரண்டு வாரம் தரையில்தான் பாதி வேலை. குதிரையின் நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போகக் குழந்தைக்குப் பழக்கவேண்டும். இடது பக்கம் நின்று நடத்திப் போவது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்துப் பிடிப்பது, பிரஷ் போடுவது எல்லாம் இப்போதே. சுற்றிய கயிறு, குதிரை ஓடினால் விரலைப் பிய்த்துவிடும்.

அப்புறம் லஞ்ஜ் (lunge) கயிறு. பயிற்சியாளர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் 15 முதல் 20 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் குதிரையைச் சுற்றவிடுவார். கடிவாளம் குழந்தையின் கையில் இருக்காது. கையை விரித்துக்கொண்டு, பிறகு அங்கவடியில்லாமல், நடையில் சுற்றுவார்கள். பார்க்கும் பெற்றோருக்கு "இன்னும் சுத்திட்டே இருக்கானே" என்று தோன்றும். அவசரப்படுத்தாதீர்கள். சமநிலை வருவதற்குமுன் கடிவாளத்தைக் கையில் கொடுத்தால் குழந்தை அதைப் பிடித்துத்தான் உட்காரும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குதிரையின் வாய் இழுபடும், கொஞ்ச நாளில் குதிரை தலையை உதறத் தொடங்கும்.

அடுத்து டிராட். இரண்டு தாளத்தில் குலுங்கும் இந்த நடையில் ஒரு தாளத்துக்கு எழுந்து, ஒரு தாளத்துக்கு உட்காரவேண்டும். தோள், இடுப்பு, குதிகால் மூன்றும் ஒரே கோட்டில், குதிகால் கீழே. இங்கே விபத்தும் தொடங்கலாம். பயந்த குழந்தை முன்னால் குனிந்து, காலால் குதிரையை இறுக்கும். கால் இறுக்கினால் "வேகமாகப் போ" என்றுதான் குதிரைக்குப் பழக்கம். அது வேகமாகும், குழந்தை இன்னும் இறுக்கும். இதை உடைக்க, நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை விடவும், சத்தம் போடாமல் "ஓ..." சொல்லி நிறுத்தவும் நின்ற இடத்திலேயே நூறு முறை பழக்கியிருக்க வேண்டும். இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து உருவி அவசரமாகக் குதித்து இறங்குவதும் இதே கட்டத்தில் கற்கவேண்டியது.

தனியாக நடை, டிராட், வட்டம், நிறுத்தம் எல்லாம் கைவந்த பிறகுதான் கேன்டர், அதாவது டிராட்டைவிட வேகமான ஓட்டம். வாரம் இரண்டு வகுப்புப் போகும் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனாலும் குறையில்லை. "ஒரே மாசத்துல ஓட வைக்கறோம்" என்பவர்கள் வைப்பார்கள், எங்கே போய் நிற்கும் என்பது அவர்களுக்கும் தெரியாது. தார் ரோட்டில் கூட்டமாகக் கூட்டிப்போவதை முதல் வருடம் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

விழுந்தால்

விழாமல் கற்றவர் இல்லை. விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்றால் அசைக்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியது, வாந்தி, தூக்கக் கலக்கம், தலைவலி, சொன்னதையே திரும்பச் சொல்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி, டாக்டர் சொல்லும்வரை குதிரை கிடையாது. வெறும் சிராய்ப்பு, பிள்ளையும் சரி என்றால், ஒரு சுற்று நடையில் போய் இறங்கவிடலாம். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

சொந்தக் குதிரை வாங்கலாமா?

தோட்டம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, அந்தியூர்ச் சந்தையும் வருகிறது என்றதும் இந்த ஆசை எழும். குழந்தை ஒரு வருடமாவது பயின்று, பயிற்சியாளரே கூடவந்து பார்த்துச் சொன்னாலொழிய வேண்டாம். சந்தை நெரிசலில் களைத்து அமைதியாக நிற்கும் குதிரை, தோட்டத்துக்கு வந்து ஒரு வாரம் நன்றாகத் தின்றதும் வேறு குதிரையாகிவிடும். விற்பவர் முதலில் ஏறிக் காட்டவேண்டும். வேறொரு நாள், விற்பவரின் இடத்தில், சேணம் போடுவதிலிருந்து மறுபடி பார்க்கவேண்டும்.

தீவனத்தில் நம் பக்கத்துக்கென்றே இரண்டு ஆபத்து உண்டு. 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும் என்றதும், மாட்டுக்கு அறுத்த பச்சைச் சோளத்தட்டையே போட்டுவிடுவார்கள். பச்சைச் சோளம் தொடர்ந்து தின்ற குதிரைக்குச் சிறுநீர்ப்பை கெட்டு, பின்னங்கால் தள்ளாடும். அதைவிடக் கொடியது கோழித்தீவனம். ரத்தக்கழிச்சலுக்காக அதில் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். கொஞ்சம் தின்றாலே உயிர் போகும். பண்ணையும் குதிரையும் ஒரே தோட்டத்தில் இருந்தால் தீவன அறைகளைத் தனித்தனியாக வையுங்கள். மூட்டை, படி, வாளி எதையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். கோழித்தீவன அறைக்குப் பூட்டும் போட்டுவிடுங்கள்.